ஊர் ஆவாரை என்று நான் சொன்ன செடி

மகனே,

சுகம் விசாரித்துத் தொடங்க இந்தக் கடிதத்துக்கு நேரமில்லை. நேற்று மாலை தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தபோது உன் கடிதம் காத்திருந்தது. வியாழக்கிழமை காலை ரயிலில் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போவதாகவும், இந்தியாவுக்குப் போகிற பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். இன்று செவ்வாய். நடுவில் இருப்பது ஒரே நாள். தபாலில் போட்டால் வந்து சேராது. நாளைக் காலை நோர்வூட்டுக்கு லொறியில் சாமான் ஏற்றிப் போகும் புடவைக்கடை நானாவிடம் இதைக் கொடுக்கிறேன், உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. போகாதே, ராசா. கையெழுத்துப் போடாதே. கோபத்தில் நீ பாதியிலேயே கிழித்துப் போட்டுவிடலாம் என்பதால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் மீதியை எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறது. “அப்பா வாயால் கெட்டதை நான் கையெழுத்தால் சரி செய்கிறேன். மாமா கொல்லையில் போடுவதற்கு நம் ஊர் ஆவாரை விதையும் முடிந்து வைத்திருக்கிறேன்.” அதைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்ததை மறந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு வரியும் பொய் மகனே. நீ சொன்ன பொய் இல்லை. உன்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிய நாளிலிருந்து நான் சொல்லி வளர்த்த பொய்.

என் பெருமை உனக்குத் தெரியும். இந்த லயத்து வரிசை வீடுகளில் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மற்றவர்கள் பெருவிரலை மையில் தொடும்போது நான் பேனாவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுவேன். கடலுக்கு அக்கரையிலிருந்து எந்த வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அவர்களுக்கு உள்ளதை உள்ளபடி வாசித்தேன். என் அண்ணன், அதாவது உன் மாமா, எழுதிய கடிதங்களை மட்டும் அப்படி வாசிக்கவில்லை. உன் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. நீ சின்னப் பிள்ளை. “கிணறு வெட்டியாச்சு, தென்னை காய்க்குது, எப்ப வந்தாலும் இது உங்க வீடு” என்று நான் வாசித்ததெல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லை. இருந்தது வேறு. மழை இல்லை, மாட்டை விற்றுவிட்டோம், ஏதாவது அனுப்பு என்று இருந்தது. நீ எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கடிதங்கள் உன் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். நீ கல்யாணம் செய்து நோர்வூட் போன வருஷம் வந்த கடைசிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீயே வாசி. “இருக்கிற ஒரு குடிசையிலேயே நாங்கள் ஒன்பது பேர். இந்தப் பக்கம் வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு தங்கச்சி” என்று அண்ணன் எழுதியிருக்கிறார். நீ கேட்டபோது நான் என்ன சொன்னேன்? மாமா உனக்கு ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருக்கிறார் என்றேன். இப்போது அந்தப் பங்கை நம்பித்தான் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ கடல் தாண்டப் பார்க்கிறாய்.

அந்த ஊரில் நான் பதினாலு மாதம் இருந்திருக்கிறேன். உனக்கு மூன்று வயது. முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், தோட்டத்துக் கோயிலில் மொட்டை போட்டால் அது கணக்கில் வராது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த குடும்பத்தோடு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனேன். இரண்டு மாதத்தில் திரும்புவதாகத்தான் போனேன். போன இடத்தில் என் அம்மா படுத்துவிட்டாள், அவளை விட்டுவிட்டு வர முடியவில்லை. அண்ணன் நல்லவர். அண்ணி முதல் நாளே என் காதையும் கழுத்தையும்தான் பார்த்தாள். “கண்டிச் சீமையில பொன்னு காய்க்குதுன்னாங்க, மொட்டக் காதோட வந்து நிக்கிறியே?” என்றாள். ஒரு மாதம் போனதும் தினமும் காலையில், “கப்பல் எப்ப?” என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். எங்களுக்கு மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். தெருவில் என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கண்டிக்காரிதான். உன்னைக் கண்டிக்காரி மகன் என்றார்கள். குளத்துக்குப் போனால் என் குடத்துக்கு இடம்விட்டு மற்றவர்கள் தங்கள் குடத்தை வைப்பார்கள். அம்மா கண்ணை மூடிய பதினாறாம் நாள் நான் மூட்டை கட்டினேன். இதில் ஒரு வார்த்தைகூட உனக்குச் சொன்னதில்லை. இங்கே வந்து லயத்துப் பெண்களிடம் கிடா வெட்டிய கதையும் பித்தளை அண்டாக் கதையும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இனி அந்த ஆவாரை. அதை ஊர் ஆவாரை என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். மாமா கொல்லையில் பறித்தது என்று உன்னிடம் சொன்னேன். இல்லை. திரும்பி வரும்போது தலைமன்னாரில் இறங்கி ரயிலுக்காக அரை நாள் காத்திருந்தோம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே வெறும் மணல். அந்த மணலில் என் இடுப்பு உயரத்துக்குப் புதர் புதராக மஞ்சள் பூத்திருந்தது. உனக்குத் தலையெல்லாம் வேர்க்குரு, பசி, ஓயாமல் அழுகை. ஒரு பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து ஙீ என்று கத்தியது. நீ அழுகையை நிறுத்திவிட்டாய். அது அடுத்த பூவுக்குப் போய்ப் பிடித்ததும் மறுபடி கத்தியது. நீ சிரித்தாய். பதினாலு மாதத்தில் நீ வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் காய்ந்த காய் நான்கைப் பறித்து முந்தானையில் முடிந்தேன். கடலுக்கு இந்தப் பக்கம் மகனே. இந்த நாட்டு மணலில்.

அதை இங்கே முளைக்க வைத்தவர் உன் அப்பா. வட்டவளை மழை உனக்குத் தெரியும், இரும்பே அழுகுகிற மழை. அவர் ஆற்றிலிருந்து மணல் அள்ளி வந்து, இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் கல் அடுக்கி மேடு கட்டி, மழைக்காலத்தில் தகரம் சாய்த்துப் பாதுகாத்தார். வாசலில் ஒன்று, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை மேட்டில் ஒன்று என்று இரண்டு செடி பிழைத்தன. மூன்றாம் வருஷம் பூத்தன. பூத்துக் கொட்டின. ஒரு காய் இல்லை. அடுத்த வருஷமும் அப்படியே. நான் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். அப்பா அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு சாக்கை விரித்துச் செடி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“இந்தா புள்ள, இதப் பாரு. இந்தப் பூவுல தேனே இல்ல. மாவு மாதிரி தூளுதான். அதையும் குழாய்க்குள்ள பூட்டி வெச்சிருக்கு. நுனியில ஊசிக்கண்ணு கணக்கா ஒரு ஓட்டை, அவ்வளவுதான். சின்னத் தேனீ வருது, மேல நடக்குது, சிந்திக் கெடக்கறத நக்குது, போயிடுது. அதுக்குத் தொறக்கத் தெரியல.”

“பின்ன யாருதான் தொறக்குறதாம்?” என்றேன்.

“நீதான் சொன்னியே, மன்னார்ல கத்துன கருவண்டு. அது சும்மா கத்தியிருக்காது புள்ள.”

அடுத்த மாசியில் நல்ல வெயில் அடித்தது. நாம் குடியிருந்த காம்பராக் கூரை மரத்தில் ஒரு கருவண்டு துளை போட்டது. மரத்தூள் சோற்றில் விழுந்தது. கங்காணி வந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே, தொரை பாத்தா கத்துவாரு. பொகை போட்டு வெரட்டுங்க” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, “அது நம்ம வாசச் செடிக்குப் பாத்த மாப்பிள்ளைங்க. மாப்பிள்ளைய யாராச்சும் பொகை போட்டு வெரட்டுவாங்களா?” என்றார். அன்றே வெட்டிப் போட்ட பழைய முள்முருங்கைக் கட்டை ஒன்றைத் தேடி எடுத்து இறவாரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மெத்தென்ற மரம். வண்டு கூரையை விட்டுவிட்டு அதில் குடியேறியது. அப்போது உனக்குப் பத்து வயது. கூட்டாளிகளிடம், “எங்கப்பா வண்டு வளக்குறாருடா” என்று நீ சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கும்.

அது எப்படிச் செய்தது என்பதை நானும் நின்று பார்த்தேன். பறக்கும்போது அதன் சத்தம் தடித்த குரல். பூவில் உட்கார்ந்து ஆறு காலாலும் இறுக்கிப் பிடித்ததும் சிறகு நின்றுவிடும், சத்தம் மட்டும் மேலே ஏறும். உடம்பையே உலுக்குகிறது. பூ முழுவதும் நடுங்குகிறது. அந்த ஊசிக்கண் வழியாக மஞ்சள் தூள் பீறிட்டு வருகிறது. குட்டைக் குழாய்களின் தூள் வயிற்றில் விழும், அது வண்டின் சாப்பாடு. இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிற நீளக் குழாய்களின் தூள் அதன் விலாவில், அதன் கால் எட்டாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுமந்துகொண்டு வாசல் செடியிலிருந்து பீலிக்கரைச் செடிக்குப் போகும். அங்கே பூவின் நடுவே கொக்கி போல் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு சரியாக அந்த விலாவில் உரசும். அவ்வளவுதான் காரியம். அந்த வருஷம் இரண்டு செடியிலும் தட்டைத் தட்டையாகக் காய் தொங்கியது. உன் அப்பா ஒவ்வொரு காயாக எண்ணிவிட்டு வந்து, குளிருக்கு எப்போதும் குல்லா போடுகிறவர் அன்று குல்லாவைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கூலிக்காரன் செய்கிற வேலையா இது என்று நான் கேலி செய்தேன். பொறுமையாகப் பிடித்து உலுக்கினால்தான் கொடுக்கிற பூ அது என்று அவருக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

இப்போது எழுதப் போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உனக்குப் பதினாறு வயதில் நுவரெலியாவுக்கு விசாரணைக்குப் போனோமே. இந்த நாட்டுப் பிரஜை என்று பதிந்துகொள்ள அப்பா நம் எல்லோருக்குமாக மனுப் போட்டிருந்தார். அவர் மட்டுமல்ல, பெண்டாட்டி பிள்ளைகளும் இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அப்பா அதைக் கேட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் போகும்போது என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். “ஊருக்குப் போனதச் சொல்லிடாத புள்ள. கேட்டா தோட்டத்து மாரியம்மன் கோயில்ல முடி எறக்குனோம்னு சொல்லு. ஒரு வார்த்தைதான். ஒம்பேச்சுல உசுரு இருக்கு.” நான் தலையாட்டினேன். நீ வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாய்.

உள்ளே விசாரணை ஐயா மேசைக்கு அந்தப் பக்கம். தமிழில் கேட்டுச் சொல்பவர் பக்கத்தில். சுவரோரம் பெஞ்சில் நம் தோட்டத்து ஆட்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மேல் லயத்து ராக்கம்மாவும் இருந்தாள். தன் மூத்தவனுக்கு அக்கரை போய் முடி இறக்கியதைச் சொல்லிச் சொல்லி என்னை மட்டம் தட்டியவள், நான் போய் வந்த பிறகுதான் வாயை மூடியவள். கேட்டுச் சொல்பவர் என் படிப்பைக் கேட்டார். சொன்னேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “அட, அழகா எழுதுறீங்களே” என்றார். அதிலேயே எனக்குத் தலை கனத்துவிட்டது. பிறகு சும்மா பேச்சுப் போல, “பையனுக்கு மொதல் முடி எங்க எறக்குனீங்கம்மா?” என்றார்.

தோட்டத்துக் கோயில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ராக்கம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க கொலதெய்வத்துக்குத்தாங்க. அக்கரைக்குக் கொண்டு போயி, கெடா வெட்டி, பதினாலு மாசம் இருந்து முழுசா செஞ்சுட்டுத்தாங்க வந்தேன்” என்றேன். கேட்காத மாதத்தையும் சேர்த்துச் சொன்னேன் மகனே. அவர் எழுதினார். அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன் தொப்பியை மடியில் வைத்து அதன் ஓரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் நீ ஓடி வந்தாய். “என்னப்பா ஆச்சு?”

“நாந்தாண்டா உளறிட்டேன். அம்மா ஊருக்குப் போனத வாய் தவறிச் சொல்லிப்புட்டேன்” என்றார்.

“ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசத் தெரியாதா ஒங்களுக்கு? வண்டு பின்னாலயே திரிஞ்சா இப்படித்தான் ஆகும்” என்று நீ கத்தினாய். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணீர்க் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இல்லை, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அன்று சொல்லாதது மறுநாள் இன்னும் கனத்தது. வருஷம் போகப் போக வாயைத் திறக்கவே முடியாமல் போயிற்று. நீ அவரோடு ஒரு வீட்டில் இருந்தும் பேச்சைக் குறைத்தாய், நோர்வூட் போனாய், அவர் முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனாய். நீ போன பிறகு அழுதேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். “சொல்லாத. பெத்தவ மேல கோவம் வந்தா புள்ள எங்க போயி நிப்பான்? எம்மேல இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதைச் சாக்காக வைத்து, அவர் போன பிறகும் இரண்டு வருஷம் பொய்யில் வாழ்ந்தேன். மனுவைத் தள்ளி அந்த அலுவலகம் அனுப்பிய ஆங்கிலக் காகிதத்தை உன் அப்பா பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீசு தெரிந்தவர்களிடம் காட்டு. காரணம் என்று போட்டிருக்கும் இடத்தில் உன் அப்பா பேர் இருக்காது. என் பேர்தான் இருக்கும்.

இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இவ்வளவு பேர் உனக்கு இவ்வளவு பேர் எனக்கு என்று நம்மைப் பிரித்துக்கொண்டார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் என்று எழுதிக் கேட்கிற கை உன்னுடையது. இன்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டு வாசலில் போய் நின்றேன். “இங்க இருக்கறவங்களுக்கும் ஒரு பங்கு வெச்சிருக்காங்க. பையன் இங்க பொறந்தவன், பத்திரம் இருக்கு. கேட்டுப் பாக்கலாம், கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்தப் பக்கம்னு ஒருக்கா கையெழுத்துப் போட்டுட்டா பெறகு இங்க வந்து கேக்க வாயில்லம்மா” என்றார். கிடைக்கும் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கேட்டுப் பார் என்றுதான் கெஞ்சுகிறேன். உன் பிள்ளைக்கு மட்டும் எதையும் ஊதிப் பெருக்கிச் சொல்லாதே. மாமா வீட்டில் இல்லாத கிணற்றைக் காட்டி அவளைக் கொண்டு போகாதே. அவளையும் யாராவது கண்டிக்காரி மகள் என்று கூப்பிடுவார்கள், அவளுக்கு ஏன் என்று புரியாது.

இந்த மாசியில் பனி விடவே இல்லை. வண்டு வரவில்லை. முள்முருங்கைக் கட்டை இறவாரத்தில் வெறுமனே தொங்குகிறது. பூ பூத்துத் தானாகக் கொட்டுகிறது. இன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன் நானே செடியிடம் போய், ஒரு பூவை விரலால் பிடித்து, வாயைக் கிட்டே வைத்து ம்ம்ம் என்று உலுக்கிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. நீ முடிந்து வைத்திருக்கும் விதை அப்பா இருந்த காலத்துக் காய். அதற்குப் பிறகு இந்தச் செடி காய்க்கவில்லை. உனக்கு அது வேண்டும் என்றால் வைத்துக்கொள். மாமா கொல்லைச் செடி என்று நினைத்து மட்டும் எடுத்துப் போகாதே.

கண்டி ரயில் வட்டவளையைத் தாண்டித்தான் போக வேண்டும். வியாழக்கிழமை நான் வேலைக்குப் போக மாட்டேன். விடிந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் நிற்பேன். ரயில் நிற்கிற நேரம் கொஞ்சம்தான். இறங்கிவிடு மகனே. இறங்கி, எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு. அன்று நுவரெலியாத் தெருவில் அப்பாவைப் பார்த்துக் கத்தியதைவிடச் சத்தமாகக் கத்து. முகத்தைத் திருப்ப மாட்டேன். இறங்க மனம் வராவிட்டால், எந்தப் பெட்டியில் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, பிள்ளையைப் பிளாட்பாரப் பக்கத்து ஜன்னலில் உட்கார வை.

உன் அம்மா